அழிந்துபோன காப்புக்காட்டில் கன்றுகளை நட்டால் மறுபடியும் காடு வருமா?

வரும். ஆனால் எத்தனை ஆயிரம் கன்று நட்டீர்கள் என்பதை வைத்து வராது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஏதோ கல்லூரிக் குழுவோடு போய் நட்டதெல்லாம் ஒரே கோடையில் கருகி, மனம் நொந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் வனத்துறை அதிகாரி இல்லை, ஆராய்ச்சியாளனும் இல்லை. கடலூர் மாவட்டத்தில் கிள்ளை பக்கத்து ஊர்க்காரன். பிச்சாவரம் காட்டில் கால்வாய் வெட்டியவர்களில் ஒருவன்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில், கடலோர உப்புநீர்ச் சேற்றில் வளர்ந்திருக்கும் அலையாத்திக் காடு இது. படகில் வருகிறவர்கள் சுரபுன்னை வேர்களைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். உள்ளே எவ்வளவு இடம் பொட்டலாகக் கிடந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மொட்டையடித்து மரம் எடுத்தார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து இறுகி நடுவில் குழிந்துவிட்டது. கடல்நீர் ஏறும் ஏற்றத்தில் புகுந்த தண்ணீர், அது இறங்கும் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்று சுண்டி, மண்ணை உப்பாக்கிவிட்டது. விழுந்த விதை எதுவும் பிழைக்கவில்லை. பழி மட்டும் எங்கள் மேல் விழுந்தது. விறகு வெட்டியும் மாடு மேய்த்தும் காட்டை அழித்தவர்கள் நாங்களாம்!

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வேலையில் இறங்கியபோதுதான் அந்தப் பழி நீங்கியது. உப்பங்கழியிலிருந்து ஒரு பெரிய கால்வாய், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள்ளைப் போல இருக்கும். மண்வெட்டிதான் எங்கள் கருவி. மேலே உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கும் மண்ணில் ஒரு வெட்டு இறக்கினால், கன்னங்கரேல் என்று சேறு அழுகிய முட்டை வாடையோடு வரும். கரையைச் செங்குத்தாக வெட்டினால் சரிந்துவிடும் என்பதால் சாய்த்து வெட்ட வேண்டும். அந்தச் சரிவின் நடுப்பகுதியில்தான் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் கன்றை வைத்தோம். மேலே வைத்தால் ஏற்றம் எட்டாது. அடியில் வைத்தால் மூழ்கியே கிடக்கும். எங்கள் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஓரிரு அடிதான் வித்தியாசம்.

கன்று தழைத்த பிறகு ஓர் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. வேர் இழுத்த உப்பைச் செடி இலை வழியே வெளியே தள்ளுகிறது, பிழைத்துவிட்டது என்று தெரிந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட பெருமையை இன்றும் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எல்லாக் காட்டுக்கும் கால்வாய் வெட்டச் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில் இருக்கும் இடம் 1968இல் வெறும் செம்மண் மேடு. அங்கே மழைநீர் ஓடிவிடாமல் முதலில் வரப்புப் போட்டார்கள், பிறகுதான் மரம் நிலைத்தது. அங்கே தண்ணீரைத் தேக்க வேண்டியிருந்தது, இங்கே ஓடவிட வேண்டியிருந்தது. 2004 சுனாமியைக் காடு முழுதாகத் தடுத்துவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பிழைத்ததையும், கடலோரத்தில் மறைப்பில்லாமல் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊர் சிதைந்ததையும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களோடு சேற்றில் நின்றவர்களில் பலர் இருளர்கள். பறி என்ற மீன் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். அவர்களில் ஒருவருடைய மகனுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்குத் துணைக்குப் போனேன். “மீன் பிடிக்கிறவர்கள் எப்படி இருளர் ஆவீர்கள்?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நன்றாகப் படித்த பையன், கல்லூரியில் சேர முடியாமல் போனான். காட்டுக்காகப் பாராட்டு விழா நடந்தபோது அவன் அப்பாவுக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

உங்கள் இடத்தில் மழைக்காலத்தில் ஒரு நாள், கோடையில் ஒரு நாள் போய் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அங்கே ஆடு மாடு மேய்ப்பவர்களிடம் கேளுங்கள். எங்கள் கால்வாய்களே ஆண்டுதோறும் தூர்ந்துபோகின்றன, வாரிக்கொண்டே இருக்க வேண்டும். கன்றுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை அந்த மாதிரி வேலைக்குக் கூலியாக எடுத்து வையுங்கள். கூலியை அந்த ஊர்க்காரர்களுக்கே கொடுங்கள்.