ஒரு கஸ்டமருக்கு நாலு அட்ரஸ் இருந்தா டேபிளை எப்படி போடறது?

சென்னிமலை பெட்ஷீட்டை ஆன்லைன்ல விக்கிற கடைக்கு சாஃப்ட்வேர் எழுதற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். டேட்டாபேஸ்ல கஸ்டமர் டேபிள்லயே அட்ரஸ்1, 2, 3னு ஃபீல்டு வச்சிருக்காராம், இப்ப ஒருத்தங்க நாலாவதா அம்மா வீட்டு அட்ரஸ் தர்றாங்க, தனி டேபிள் போடணுமா, ஆர்டர்ல அட்ரஸ் ஐடி மட்டும் இருந்தா போதுமானு.

தனி டேபிள் போட்டுடுங்க தம்பி. ஒரு வரிக்கு ஒரு அட்ரஸ், அதுல கஸ்டமர் ஐடி ஃபாரின் கீ, அதாவது இது எந்த கஸ்டமரோட அட்ரஸ்னு காட்டற ஃபீல்டு, அவ்ளோதான். கதவு நம்பரை டெக்ஸ்ட்டாவே வைங்க, சென்னைல பழைய நம்பர் 14, புது நம்பர் 27னு எழுதுவாங்க, அது எந்த நம்பர் ஃபீல்டுலயும் அடங்காது. லேண்ட்மார்க்குக்கு தனி ஃபீல்டு கண்டிப்பா வேணும், கொரியர் பையன் அதைப் பார்த்துதான் வருவான். பின்கோடும் டெக்ஸ்ட்தான், சிங்கப்பூர்ல 0-ல ஆரம்பிக்கிற கோடு இருக்கு, நம்பரா வச்சா அந்த 0 காணாமப் போயிடும். துபாய்ல பின்கோடே கிடையாது, அதனால கட்டாயம்னும் போடாதீங்க.

ரெண்டாவது கேள்விதான் முக்கியம். ஐடி மட்டும் போதாது. நான் முன்னாடி எழுதின ஒரு பில்லிங்ல அப்படித்தான் வச்சிருந்தேன், கோயம்புத்தூர் கஸ்டமர் ஒருத்தர் பெங்களூருக்கு வீடு மாறி அட்ரஸை எடிட் பண்ணிட்டார், ஆறு மாசம் கழிச்சு பழைய பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தா மேல பெங்களூர் அட்ரஸ், கர்நாடகாவோட மாநில கோடு 29, கீழ தமிழ்நாட்டுக்குள்ளயே வித்தா போடற சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வரி! வெளி மாநிலத்துக்குப் போனா ஐஜிஎஸ்டி தானே வரணும்னு ஆடிட்டர் கேட்டார், பணம் சரியா கட்டியிருந்தும் பில்லு பொய் சொல்லுது.

அதனால ஆர்டர் போடற நிமிஷத்துல பேரு, போன், முழு அட்ரஸ், மாநில கோடு எல்லாத்தையும் ஆர்டர்லயே காப்பி பண்ணிடுங்க. நார்மலைசேஷன், அதாவது ஒரு தகவலை ஒரே எடத்துல மட்டும் வைக்கற முறை, கெட்டுப்போகும்னு பயப்படாதீங்க, அது ரெண்டும் ஒரே தகவல் இல்ல, ஒண்ணு அவர் இப்ப இருக்கற எடம், இன்னொண்ணு நாம அன்னிக்கு அனுப்பின எடம். 2020-ல நாகப்பட்டினத்துல இருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமாச்சு, அதுக்காக 2018 பில்லுல மாவட்டம் மாறக்கூடாதுல்ல? இப்படி வச்சா கஸ்டமர் அட்ரஸை அழிச்சாலும் பழைய பில்லுக்கு ஒண்ணும் ஆகாது.

புது டேபிளுக்கு மாத்தறதுக்கு முன்னாடியே, இன்னிக்கே, பழைய ஆர்டருக்கெல்லாம் இந்தக் காப்பியை எடுத்துடுங்க, ஏற்கனவே யாராவது எடிட் பண்ணியிருந்தா அனுப்பின அட்ரஸ் கொரியர் ரசீதுலதான் இருக்கும்.