கண்ணுக்கு ஒன்று, டெஸ்ட்டுக்கு வேறு

வணக்கம்.

பழைய லாக் ஃபைல்களைத் தேடிப் பட்டியல் போடும் ஒரு ஃபங்ஷன் பவர்ஷெல்லில் (கட்டளைகளை எழுதி ஓட்டும் மொழி) எழுதியிருக்கிறேன். பெயர், அளவு, கடைசியாக மாறிய தேதி, இருக்கும் இடம் என்று நான்கு நெடுவரிசைகள். கடைசி வரியில், அட்டவணையாகக் காட்டும் ஃபார்மேட்-டேபிள் கட்டளையைப் போட்டிருப்பதால் பார்க்க ஒழுங்காக வருகிறது. அதற்கு, பவர்ஷெல்லுக்கான டெஸ்ட் கருவியான பெஸ்டரில் டெஸ்ட்டும் எழுதினேன். ஃபங்ஷன் தருவதை அவுட்-ஸ்ட்ரிங் வழியாக ஸ்ட்ரிங்காக்கி, நான் எதிர்பார்க்கும் அட்டவணையோடு ஒப்பிடுகிறேன். என் கணினியில் பாஸ், டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் பில்ட் சர்வரில் ஃபெயில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் இரண்டு டெஸ்ட்டில் வித்தியாசமே தெரியவில்லை, மூன்றாவதில் மட்டும் இடம் என்ற நெடுவரிசை பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. என் சீனியரிடம் கேட்டால், "அவுட்புட் எப்படித் தெரிகிறது என்பதையெல்லாம் யாரும் டெஸ்ட் செய்ய மாட்டார்கள், லாஜிக்கை மட்டும் டெஸ்ட் செய், அதைத் தூக்கிப் போடு" என்கிறார். தூக்கிப் போட மனம் வரவில்லை. அவர் சொல்வது சரியா? சரியில்லை என்றால், இதை எப்படித்தான் டெஸ்ட் செய்வது?

க.

அன்புள்ள க.,

தூக்கிப் போடாதீர்கள். உங்கள் ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறவர் உங்கள் லாஜிக்கைப் பார்ப்பதில்லை, திரையில் வரும் அந்த அட்டவணையைத்தான் பார்க்கிறார், அதை நம்பித்தான் எந்த ஃபைலை அழிக்கலாம் என்று முடிவு செய்கிறார். இடம் பாதியில் வெட்டுப்பட்டு, ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு ஃபோல்டர்கள் ஒன்றுபோலத் தெரிந்தால் அவர் தவறான ஃபைலை அழிப்பார். லாஜிக் டெஸ்ட்டெல்லாம் பாஸ் ஆகியிருக்கும், என்ன பயன்? ஆனால் சீனியர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் இப்போது எழுதியிருக்கும் விதத்தில் அந்த டெஸ்ட் நிலைக்காது. விவரத்தையும் அதன் தோற்றத்தையும் ஒரே மூச்சில் டெஸ்ட் செய்கிறீர்கள், அதுதான் சிக்கல்.

முதலில் அந்தக் கடைசி வரி. ஃபார்மேட்-டேபிள் எழுத்துகளைத் தருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தருவது எழுத்து அல்ல, பெயர், அளவு போன்ற விவரங்களைத் தனித்தனியாக வைத்திருக்கும் உங்கள் ஆப்ஜெக்ட்டும் அல்ல. மூன்று லாக் ஃபைலை அதற்குள் அனுப்பிவிட்டு வெளியே வருவதை எண்ணிப் பாருங்கள், மூன்று வராது, ஏழு வரும். தொடக்கத்துக்கு ஒன்று, குழுவின் தொடக்கத்துக்கு ஒன்று, வரிக்கு ஒன்றாக மூன்று, குழு முடிவுக்கு ஒன்று, மொத்த முடிவுக்கு ஒன்று. எல்லாமே "இதை இப்படி வரை" என்று கன்சோலுக்குச் சொல்லும் குறிப்புகள். உங்கள் பெயரும் அளவும் தேதியும் பிராப்பர்ட்டிகளாக இருந்த அந்த நல்ல ஆப்ஜெக்ட் அங்கேயே முடிந்துபோகிறது.

இதை நான் அடித்துச் சொல்லக் காரணம் உண்டு. நான் முன்பு இருந்த ஒரு குழுவில் இதே போல உள்ளே ஃபார்மேட்-டேபிள் வைத்த ஒரு ஃபங்ஷன் இருந்தது. வேறொருவர் அது தருவதை, விவரத்தை சிஎஸ்வி ஃபைலாகச் சேமிக்கும் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி கட்டளைக்கு பைப் செய்து (நேராக அனுப்பி) இரவில் தானாக ஓடும்படி வைத்துவிட்டார். காலையில் சிஎஸ்வி ஃபைல் இருந்தது, வரிகளும் இருந்தன, எர்ரர் ஒன்றும் இல்லை. திறந்து பார்த்தால் ஃபைல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீளமான எழுத்துக் குவியலாகத் தலைப்புகள், கீழே ஒன்றுக்கும் உதவாத வரிகள். ஃபைல் உருவாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் பல நாள் யாருக்கும் தெரியவில்லை. அந்த நாட்களின் விவரம் திரும்பக் கிடைக்கவே இல்லை, இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

அதனால் ஃபங்ஷனிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஃபங்ஷன் வெறும் ஆப்ஜெக்ட்டைத் தரட்டும். உங்களுக்கு நான்கு பிராப்பர்ட்டிதான் என்பதால் பவர்ஷெல் தானாகவே அட்டவணையாகக் காட்டும், ஆனால் நாளை ஐந்தாவது ஒன்றைச் சேர்த்தீர்களானால் அது ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் பட்டியலாக மாறிவிடும், ஏனென்றால் தனியாக வியூ (எப்படிக் காட்ட வேண்டும் என்ற வரையறை) எதுவும் எழுதப்படாத ஆப்ஜெக்ட்டுக்கு நான்கு வரை அட்டவணை, அதற்கு மேல் பட்டியல் என்பதுதான் அதன் வழக்கம். அதைத் தவிர்க்க, ஆப்ஜெக்ட்டுக்கு ஒரு டைப் பெயர் கொடுத்து, எந்த நெடுவரிசை எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் ஒட்டி நிற்க வேண்டும் என்பதை ஒரு ஃபார்மேட் எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதி, அப்டேட்-ஃபார்மேட்டேட்டா மூலம் ஏற்றுங்கள். தோற்றம் இப்போது தனி இடத்துக்குப் போய்விட்டது, தனியாக டெஸ்ட் செய்யலாம்.

விவரத்துக்கான டெஸ்ட் எளிது, அதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை ஆப்ஜெக்ட் வந்தது, முதலாவதின் பெயர் என்ன, அளவு என்ன, அவ்வளவுதான். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: அளவு எண்ணாகவே இருக்கிறதா, தேதி தேதியாகவே இருக்கிறதா என்று டைப்பையும் பாருங்கள். அழகுக்காக அளவை ஃபங்ஷனுக்குள்ளேயே "10 எம்பி" என்று ஸ்ட்ரிங்காக்கிவிட்டால், வரிசைப்படுத்தும்போது 9-க்கு முன்னால் 10 வந்து நிற்கும். அட்டவணையில் எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்பதும் போய்விடும், ஸ்ட்ரிங் என்றால் இடப்பக்கம்தான் ஒட்டும்.

சரி, இனி தோற்றம். இங்கேதான் நிறைய கண்ணி இருக்கிறது.

"வித்தியாசமே தெரியவில்லை" என்கிறீர்களே, அந்த இரண்டு டெஸ்ட்டில் வந்த ஸ்ட்ரிங்கைக் கண்ணால் பார்க்காமல் கன்வெர்ட்-டு-ஜேசன் என்ற கட்டளைக்குள் அனுப்பிப் பாருங்கள். வரி முடிவு, எஸ்கேப் எழுத்து என்று கண்ணுக்குத் தெரியாததெல்லாம் பின்சாய்கோட்டோடு வெளியே வந்துவிடும், வரியின் கடைசியில் தொங்கும் காலி இடங்கள் வரி முடிவுக் குறிக்கு முன்னால் அப்பட்டமாகத் தெரியும். இன்னும் சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாக மாற்றிப் பாருங்கள். 13, 10 என்று ஜோடியாக வந்தால் அது விண்டோஸ் வரி முடிவு, 10 மட்டும் வந்தால் லினக்ஸ். உங்கள் எதிர்பார்ப்பை ஸ்கிரிப்ட்டுக்குள் ஹியர்-ஸ்ட்ரிங்காக (பல வரிகளை அப்படியே எழுதும் ஸ்ட்ரிங்) எழுதியிருந்தால் அந்த ஸ்கிரிப்ட் ஃபைலில் எந்த வரி முடிவு இருக்கிறதோ அதுதான் ஸ்ட்ரிங்கிலும் இருக்கும். கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் அந்த ஃபைலை எடுத்து வைக்கும்போது வரி முடிவை மாற்றும்படி அமைத்திருந்தால், நீங்கள் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமலே டெஸ்ட் ஃபெயிலாகும். 27 என்று ஒரு எண் வந்தால் அது நிறத்துக்கான எஸ்கேப் எழுத்து. பவர்ஷெல் 7.2 முதல் அட்டவணையின் தலைப்பு வரிக்கு நிறம் வருகிறது, அந்த நிறக் குறிகள் ஸ்ட்ரிங்குக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். பிஎஸ்ஸ்டைல் என்ற பவர்ஷெல் வேரியபிளில் அவுட்புட்ரெண்டரிங் என்பதை பிளெய்ன்டெக்ஸ்ட் என்று வைத்தால் அது போகும்.

மூன்றாவது டெஸ்ட்டில் இடம் வெட்டுப்பட்டதற்குக் காரணம் அகலம். அவுட்-ஸ்ட்ரிங்குக்கு அகலம் சொல்லாவிட்டால் அது கன்சோலின் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஜன்னல் பெரியது, பில்ட் சர்வரில் ஜன்னலே இல்லை, அங்கே ஏதோ ஒரு இயல்பு அகலம். விட்த் என்று 200 கொடுத்துவிடுங்கள், எங்கே ஓடினாலும் 200தான். அப்புறம், வெட்டிய இடத்தில் வரும் புள்ளிகளையும் நம்பாதீர்கள்: விண்டோஸ் பவர்ஷெல் 5.1 மூன்று தனிப் புள்ளிகள் போடும், 7 ஒரே எழுத்தாக உள்ள முப்புள்ளியைப் போடும். அட்டவணைக்கு முன்னும் பின்னும் வரும் காலி வரிகளும் இந்த இரண்டுக்கும் இடையில் ஒன்றுபோல இருப்பதில்லை.

அடுத்தது கல்ச்சர், அதாவது கணினியின் மொழி, நாட்டு அமைப்பு. தேதி எப்படித் தெரியும், ஆயிரத்துக்குக் காற்புள்ளியா புள்ளியா, மூன்று மூன்றாகப் பிரிப்பதா கடைசி மூன்றுக்குப் பிறகு இரண்டிரண்டாகப் பிரிப்பதா, எல்லாமே கணினியின் அமைப்பைப் பொறுத்தது. இதில் ஒரு நுட்பமும் உண்டு. எஃப் ஆப்பரேட்டரால் எண்ணை வடிவமைத்தால் அது கணினியின் கல்ச்சரைப் பார்க்கும், அதே எண்ணை இரட்டை மேற்கோளுக்குள் வேரியபிளாக வைத்தால் பார்க்காது. ஒரே ஃபங்ஷனில் இரண்டும் கலந்திருந்தால் ஒரே எண் இரண்டு விதமாகத் தெரியும். டெஸ்ட் தொடங்கும்போது கல்ச்சரை, எந்த நாட்டையும் சாராத இன்வேரியன்ட்டுக்கு மாற்றி, முடிந்ததும் பழையபடி வைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் ஒவ்வொரு டெஸ்ட்டிலும் எழுத வேண்டாம், ஒரு சின்ன உதவி ஃபங்ஷனில் வையுங்கள். ஆப்ஜெக்ட்டை வாங்கி, 200 அகலத்தில் நிறமில்லாமல் ஸ்ட்ரிங்காக்கி, வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரியின் கடைசியிலுள்ள காலி இடத்தை நீக்கி, முன்பின் காலி வரிகளை நீக்கித் திருப்பித் தரட்டும். அதற்கு மேல் போகாதீர்கள். இரண்டு மூன்று காலி இடம் சேர்ந்து வந்தால் ஒன்றாக்கிவிடலாமே, டெஸ்ட் உறுதியாக இருக்குமே என்று கை பரபரக்கும். அப்படிச் செய்தால் நெடுவரிசைகள் நேராக நிற்கின்றனவா என்பதே அழிந்துபோகும், எதைப் பார்க்க டெஸ்ட் எழுதினோமோ அதையே துடைத்தெறிந்த மாதிரி.

உள்ளீட்டையும் கட்டிப்போடுங்கள். தோற்றத்தை டெஸ்ட் செய்ய உண்மையான ஃபைல் ஒன்றும் தேவையில்லை. டெஸ்ட்டுக்கென்று பெஸ்டர் தரும் டெஸ்ட்டிரைவில் ஃபைல் உருவாக்கினால் அதன் உண்மையான இடம் ஒவ்வொரு முறையும் புதுப் பெயருள்ள தற்காலிக ஃபோல்டர், உங்கள் இடம் என்ற நெடுவரிசை தினம் ஒரு மாதிரி இருக்கும். மூன்று ஆப்ஜெக்ட்டைக் கையால் செய்து, அதே டைப் பெயரைக் கொடுத்து, வியூவுக்குள் அனுப்புங்கள். ஒன்று சாதாரணமானது, ஒன்று மிக நீளமான இடம் கொண்டது, ஒன்று பூஜ்யம் அளவு. இன்னொன்று, ஆப்ஜெக்ட்டே இல்லாதபோது என்ன வருகிறது என்றும் பாருங்கள். ஒன்றும் வராது, தலைப்பு வரிகூட வராது. பயன்படுத்துகிறவர் அந்த வெறுமையைப் பார்த்து, பழைய லாக் இல்லை என்று புரிந்துகொள்வாரா, ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்று நினைப்பாரா? அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், முடிவு செய்ததை டெஸ்ட்டாக எழுத வேண்டும்.

அட்டவணை முழுவதையும் ஒரு ஃபைலில் சேமித்து அதோடு ஒப்பிடுவது ஒரு வழி. நானும் செய்கிறேன், ஒரு வியூவுக்கு ஒன்று மட்டும், அதையும் முதல் முறை சேமிக்கும் முன் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் சேமிப்பேன். படிக்காமல் சேமித்தால் பிழையும் சேர்ந்து "சரியான விடை" ஆகிவிடும். மற்றதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகளாக இருக்கட்டும். நீளமான இடம் முழுதாக வந்திருக்கிறதா? முப்புள்ளி எங்காவது இருக்கிறதா? அளவு என்ற நெடுவரிசையில் எல்லா எண்ணும் ஒரே இடத்தில் முடிகின்றனவா? இப்படிக் கேட்டால், நாளை நீங்கள் ஒரு நெடுவரிசையின் அகலத்தை மாற்றும்போது அந்த ஒரு பெரிய டெஸ்ட் மட்டும் ஃபெயிலாகும், அது ஆக வேண்டியதுதான். ஒப்பிடும்போது பெஸ்டரின் ஷுட்-பி கட்டளை பெரிய எழுத்து சிறிய எழுத்தைக் கண்டுகொள்ளாது என்பதையும் நினைவில் வையுங்கள், தோற்றத்துக்கு ஷுட்-பிஎக்ஸாக்ட்லி-தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று, நம் மொழியில் ஃபைல் பெயர் வைக்கிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன். "தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. பவர்ஷெல்லில் அதன் நீளம் கேட்டால் 5, ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி.  "கொ" என்பதை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம், பார்க்க ஒன்றுதான், நீளம் ஒன்றில் 2, மற்றதில் 3. ஆகவே தமிழ்ப் பெயர் உள்ள வரியில் எல்லா நெடுவரிசையும் சரியான எண்ணில் தொடங்குகிறது என்று உங்கள் டெஸ்ட் பாஸ் சொல்லும், திரையில் அந்த வரி மட்டும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு டெர்மினலும் இந்தக் குறிகளுக்கு ஒவ்வொரு விதமாக இடம் ஒதுக்குகிறது, ஸ்ட்ரிங்கை எண்ணிப் பார்க்கும் எந்த டெஸ்ட்டும் இதைப் பிடிக்காது. இங்கே நான் செய்வது, பெயரைக் கடைசி நெடுவரிசைக்குத் தள்ளிவிடுவது. அதற்குப் பின்னால் இழுபட எதுவும் இருக்காது.

முதலில் ஃபார்மேட்-டேபிளை வெளியே எடுங்கள், விட்த் 200 கொடுங்கள், மூன்றாவது டெஸ்ட் பாஸ் ஆகக்கூடும். மற்ற இரண்டும் அப்போதும் ஃபெயிலானால் அந்த ஸ்ட்ரிங்கின் முதல் முப்பது எழுத்தை எண்களாக அனுப்புங்கள், 13 இருக்கிறதா 27 இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.