கொல்லையில் நடமாடுவது யார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொல்லைப்புறத்துக்கு வரும் காட்டுயிர்கள் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘எப்படி விரட்டுவது’ என்றே கேட்கின்றன. எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். தீனி, தண்ணீர், ஒண்ட ஓர் இடம்: இந்த மூன்றில் ஒன்றுதான் அதை அழைத்து வந்திருக்கும். அதை மாற்றாமல் விலங்கை மட்டும் விரட்டினால், காலியான இடத்துக்கு இன்னொன்று வரும்.

காலையில் எழுந்து பார்த்தால் செடிப் பாத்திகளில் சின்னச் சின்னக் குழிகள். எந்த விலங்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் குழியின் வடிவத்தைப் பாருங்கள். விரலை விட்டு நோண்டியது போல் கூம்பாக, ஆழமில்லாமல் இருந்தால் வண்டுப் புழுவைத் தேடிய கீரியாக இருக்கலாம். கிழங்கை நோக்கி ஆழமாகத் தோண்டி, மிச்சக் கிழங்கில் உளி வைத்துச் சுரண்டியது போல இணைக் கோடுகள் இருந்தால் முள்ளம்பன்றி. ஏர் ஓட்டியது போல் மண் அகலமாகப் புரண்டு கிடந்தால் காட்டுப்பன்றி.

அடுத்தது காலடித் தடம். விலங்கு நுழையும் வழியில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தைச் சமன்செய்து, சலித்த ஈர மணலை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். மணல் காய்ந்திருந்தால் தடம் சரிந்துவிடும். சொதசொதவென்று இருந்தால் விரல்கள் பிரிந்து தெரியாது. நான்கு விரல், நகக்குறி இல்லை என்றால் பூனை. நான்கு விரலும் நகக்குறியும் இருந்தால் நாய் அல்லது நரி. ஐந்து விரல் பதிந்திருந்தால் கீரி, மரநாய் வகை. எலி, அணில் இனத்தில் முன்காலில் நான்கும் பின்காலில் ஐந்துமாகப் பதியும். தடங்களுக்கு நடுவே கயிற்றை இழுத்தது போல் ஒரு கோடு ஓடினால் அது உடும்பின் வால்.

எச்சமும் சாட்சி சொல்லும். பழக்கொட்டைகள் நிறைந்து கிடந்தால் மரநாய். சாம்பல் நிற உருண்டைக்குள் மயிரும் எலும்பும் இருந்தால் அது எச்சமே அல்ல, ஆந்தை வாய்வழியாகக் கக்கியது. எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். குச்சியால் கிளறினால் போதும்.

தானியங்கிக் கேமரா வாங்கும் எண்ணம் இருந்தால்: முழங்கால் உயரத்தில், பாதையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். 1906-இல் அமெரிக்க ஒளிப்படக்காரர் ஜார்ஜ் ஷைராஸ் எடுத்த இரவுக் காட்டுயிர்ப் படங்களை நேஷனல் ஜியாகிரபிக் இதழ் வெளியிட்டபோது, விலங்கே கயிற்றை இழுத்துப் படமாகும் முறை ஒரு புதுமை. இன்றைய கேமராவில் கயிற்றின் வேலையை வெப்ப உணரி செய்கிறது. நேரே வரும் விலங்கைவிடக் குறுக்கே கடக்கும் விலங்கை அது விரைவாக உணரும் என்பதால், பாதைக்குச் சாய்வாக வைப்பது நல்லது. எதிரே புல் ஆடினால் வெறும் படங்களாக எடுத்துத் தள்ளும். முதலில் புல்லை வெட்டுங்கள். கிழக்கையோ மேற்கையோ பார்த்து வைத்தால் வெயில் கண்ணைப் பறிக்கும். அகச்சிவப்பு விளக்கின் அலைநீளம் 850 நானோமீட்டர் என்றால் மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 என்றால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வெளிச்சம் எட்டும் தூரம் குறைவு.

இரவானால் கூரைக்குள் தடதடவென்று ஓட்டம். ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது. இன்றைக்கே அடைத்துவிடலாமா?

அடைக்காதீர்கள். கூரை விஷயத்தில் எல்லோரும் செய்யும் பெரிய தவறு இதுதான். உள்ளே குட்டிகள் இருந்தால், வெளியே மாட்டிக்கொண்ட தாய் கூரையையே பிய்க்கும். அல்லது குட்டிகள் உள்ளேயே செத்து, வாரக்கணக்கில் நாற்றமும் ஈயும் மொய்க்கும்.

சத்தத்தை வைத்து ஆளைப் பிரித்துவிடலாம். நள்ளிரவில் கனத்த காலடி என்றால் மரநாய். மெல்லிய சுரண்டல், கொறிக்கும் ஓசை என்றால் எலி. பகலில் கேட்டால் அணில். அந்திக்குச் சற்று முன் கீச்சொலி எழுந்து பிறகு அடங்கினால் வௌவால்.

மரநாய் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டையில் பழைய செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகி வையுங்கள். மறுநாள் காலையில் தள்ளப்பட்டிருந்தால் உள்ளே குடியிருப்பு இருக்கிறது. தொடர்ந்து மூன்று இரவுகள் தாள் அசையாமல் இருந்து, உள்ளேயும் சத்தமில்லை என்றால் வீடு காலி. உள்ளே மரநாய் இருந்தால், அது தூங்கும் பகல் நேரத்தில் அந்த இடத்துக்கு அருகே ஒரு விளக்கை எரியவிட்டு, பேச்சு ஒலிக்கும் ரேடியோவை வையுங்கள். மரநாய்க்கு ஒரே ஒரு உறைவிடம் இருப்பதில்லை. தொந்தரவு தொடர்ந்தால் பல சமயம் தாயே குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறிவிடும். மாறவில்லை என்றால் குட்டிகள் தாயோடு வெளியே திரியும் வரை, ஏறக்குறைய இரண்டு மூன்று மாதம், பொறுத்துக்கொள்வதுதான் சரி.

குட்டிகள் இல்லை என்று உறுதியான பிறகு ஒருவழிக் கதவு வைக்கலாம். மேல் விளிம்பில் மட்டும் கீல் உள்ள லேசான தகடு, வெளிப்பக்கம் மட்டும் திறக்கும்படி. தள்ளிக்கொண்டு வெளியே போகும், திரும்ப நுழைய முடியாது. ஒரு வாரம் அப்படியே விட்டு, செய்தித்தாள் சோதனையை மறுபடியும் செய்துவிட்டு, நிரந்தரமாக அடையுங்கள்.

அடைக்கும் பொருள் முக்கியம். துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பி வலை, கண் 12 மில்லிமீட்டர். எலியும் இருந்தால் 6 மில்லிமீட்டர். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு சாண் கூடுதலாக வைத்து, வாஷரோடு திருகாணி போடுங்கள். ஸ்பாஞ்சு நுரை, பிளாஸ்டிக் வலை, துணிப்பந்து எல்லாம் ஓரிரவுக்குக்கூடத் தாங்காது, பல்லால் கிழித்துவிடும். பிறகு கூரையைத் தொடும் கிளைகளை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வெட்டுங்கள். பாதையை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் அடைத்தால், மரநாய் பக்கத்து ஓடுகளைத் தூக்கும்.

வௌவாலுக்கும் இதே நியாயம்தான், ஆனால் கண்டிப்பு அதிகம். பெரும்பாலான இனங்கள் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். பறக்கப் பழகாத குட்டி இருக்கும் மாதங்களில் கை வைக்கவே கூடாது. மற்ற நாட்களில், அவை வெளியேறும் இடுக்கின் மேல் மெல்லிய வலையைத் தொங்கவிட்டு, மேல்பக்கத்தையும் இரு பக்கங்களையும் ஒட்டி, கீழ்ப்பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள். வௌவால் கீழே நழுவிப் பறந்துவிடும். திரும்பும்போது இடுக்கிலேயே வந்து இறங்கப் பார்த்து ஏமாறும். எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்கினால் பூஞ்சைத் துகள் நுரையீரலுக்குள் போகும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, என்95 முகக்கவசம் போட்டு அள்ளுங்கள்.

கூண்டு வைத்துப் பிடித்து, தூரத்துக் காட்டில் விட்டுவிட்டால் இரு தரப்புக்கும் நல்லதுதானே?

விலங்குக்கு நல்லதல்ல. தண்ணீர் எங்கே, ஒளியும் இடம் எங்கே என்று எதுவும் தெரியாத நிலத்தில், ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் சொந்த இனத்தோடு மோத வேண்டும். இடம் மாற்றிவிட்ட பாம்புகள் வழக்கத்தைவிட அதிக தூரம் அலைந்து, அதிகமாகச் சாகின்றன. நோயும் அதோடு பயணப்படும். பல நாடுகளில் அனுமதியின்றிக் காட்டுயிரைப் பிடிப்பதே குற்றம்.

விறகுக் கட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பாம்பைப் பார்த்தோம். பினாயில், அந்துருண்டை, கந்தகப் பொடி: இவற்றில் எது வேலை செய்யும்?

மூன்றும் வேலை செய்யாது. பாம்பு அந்த வாசனையைத் தாண்டி ஊர்ந்துவிடும். அந்துருண்டையைக் குழந்தை விழுங்கினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம். பினாயில் தவளையையும் மண்புழுவையும் கொல்லும், வீட்டுப் பூனைக்கும் நஞ்சு. காசையும் கொடுத்து ஆபத்தையும் வாங்குகிற காரியம்.

பாம்பு வந்தது எலிக்கும் தவளைக்கும், ஒளிய இடம் கிடைக்கும் என்பதற்கும். விறகைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, சுவரிலிருந்து விலக்கி அடுக்குங்கள். செங்கல் குவியல், ஓட்டுச் சில்லு, காய்ந்த சருகு மேடு ஆகியவற்றை அகற்றுங்கள். அகற்றும்போது கை விடாமல் நீண்ட குச்சியால் புரட்டுங்கள். கோழித் தீவனம், நாய்ச் சாப்பாடு இரவில் வெளியே இருந்தால் எலி வரும், எலியின் பின்னால் பாம்பு வரும். கதவடி இடைவெளியில் ரப்பர் பட்டை அடியுங்கள். ஒரு பென்சில் நுழையும் இடுக்கில் சுண்டெலி நுழையும், சிறு பாம்பும் நுழையும். தோட்டத்தில் விரித்த நைலான் வலை ஒரு கண்ணி போல. தலை நுழைந்த பாம்பு பின்வாங்க முடியாமல் அறுபட்டுச் சாகும். வேண்டாதபோது சுருட்டி உள்ளே வையுங்கள்.

நேரில் பார்த்துவிட்டால் மூன்று மீட்டர் தள்ளி நின்று, கண் எடுக்காமல் பார்த்தபடி, பயிற்சி பெற்ற மீட்பாளரை அழையுங்கள். குச்சியோடு நெருங்குவதுதான் கடி வாங்குவதற்கு நேர்வழி. அடித்துக் கொன்ற பாம்பின் தலைக்கும் சில மணி நேரம் வரை அனிச்சையாகக் கடிக்கும் வலு உண்டு. இரவில் கைவிளக்கு இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையின் விளிம்பைப் பாயின் அடியில் செருகிக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் தூங்குபவரைக் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம்; விடியலில் வயிற்றுவலி, இமை தொங்கல் என்றுதான் வெளிப்படும்.

கடித்துவிட்டால்: மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். அந்தக் கையையோ காலையோ அசையாமல் சிம்பு வைத்துக் கட்டி, நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள். நேரத்தோடு சிகிச்சை கிடைத்திருந்தால் இவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள்.

எலித்தொல்லை தாங்கவில்லை. மரத்தில் ஆந்தையும் வருகிறது. விஷம் வைக்கலாமா?

ஆந்தை வருகிறது என்றால் வைக்கவே வேண்டாம். கடைகளில் கிடைக்கும் எலி விஷத்தில் பெரும்பகுதி இரத்தம் உறைவதைத் தடுப்பது. தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தள்ளாடித் திரியும். ஆந்தைக்கும் கீரிக்கும் சாரைப்பாம்புக்கும் அதுதான் எளிதாகப் பிடிபடும் இரை. புரோடிஃபாகூம் போன்ற இரண்டாம் தலைமுறை விஷங்கள் கல்லீரலில் மாதக்கணக்கில் தங்குவதால், எலி மேல் எலியாகத் தின்ற பறவை உள்ளுக்குள் இரத்தம் கசிந்து செத்துவிடும். அப்புறம் எலியைப் பிடிக்க ஆளில்லை.

பசை அட்டையும் வேண்டாம். பல்லி, குருவி, பாம்புக்குட்டி எல்லாம் அதில் ஒட்டி அணு அணுவாகச் சாகும். ஏதாவது ஒட்டிவிட்டால் பிடித்து இழுக்காமல், சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு மெதுவாக விடுவியுங்கள். அடிக்கும் பொறியை ஒரு மரப்பெட்டிக்குள், எலி மட்டும் நுழையும் துளையோடு, சுவரோரமாக வையுங்கள். எலி சுவரை உரசியபடிதான் ஓடும்.

கூகை தங்குவதற்குப் பெட்டி வைக்க விரும்பினால், தளம் 60-க்கு 60 சென்டிமீட்டர், நுழைவாய் 13 முதல் 15 சென்டிமீட்டர். நுழைவாயின் கீழ்விளிம்பு தளத்திலிருந்து 45 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் குஞ்சுகள் எட்டிப் பார்த்து விழுந்துவிடும். தரையிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் உயரம் வேண்டும்.

குருவிக் குஞ்சு ஒன்று தரையில் கிடக்கிறது. எடுத்து வளர்க்கலாமா?

இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தினால் அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்திலேயே இருக்கும். பூனை எட்டாத புதர்க் கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள். இறகில்லாத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வையுங்கள். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஒதுக்காது. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

குழந்தைகள் அணிலுக்கும் குரங்குக்கும் தீனி வைக்க ஆசைப்படுகிறார்கள்.

தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு சொரசொரப்பான கல். பூனை பதுங்கும் புதரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றினால் பறவைகளுக்கு நோய் பரவாது, கொசுவும் வளராது. திறந்த தொட்டி இருந்தால் விழுந்த உயிர் ஏறிவர ஒரு பலகையைச் சாய்த்து விடுங்கள்.

குரங்குக்கு ஒருமுறைகூடத் தீனி கொடுக்க வேண்டாம். கையைப் பார்த்தால் தீனி என்று அது கற்றுக்கொள்ளும். வெறுங்கையோடு வரும் குழந்தையிடமும் பறிக்கும். எதிர்ப்பட்டால் கண்ணை உற்றுப் பார்க்காமல், பல்லைக் காட்டாமல், பின்பக்கமாக மெல்ல நகருங்கள். மரத்தடியில் கிடக்கும் வௌவால் கடித்த பழத்தைத் தின்னக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள். நிப்பா வைரஸ் பரவும் வழிகளில் அதுவும் ஒன்று.

வௌவாலை அப்புறப்படுத்தும்போது விரலில் லேசாகப் பட்டது. இரத்தம்கூட வரவில்லை. மருத்துவரிடம் போக வேண்டுமா?

இன்றைக்கே போங்கள். வௌவாலின் பல் ஊசிமுனை போன்றது, காயம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். வௌவால், குரங்கு, கீரி, நரி எது கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மேலே எதையும் அப்பாதீர்கள், கட்டுப் போட்டு மூடாதீர்கள். ரேபிஸ் தடுப்பூசி, தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி), இரண்டையும் மருத்துவர் முடிவு செய்வார். அட்டவணையில் ஒரு ஊசியும் தவறக் கூடாது. அறிகுறி தொடங்கிய பிறகு இந்த நோயிலிருந்து அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. கடித்த விலங்கைத் தேடிப் பிடிக்கும் முயற்சியில் நேரத்தைக் கழிக்காதீர்கள்.