லேஅவுட் பூங்காவுக்கு விட்ட 32 சென்ட்: விற்பனை செல்லுமா, மீட்பது எப்படி?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஒரு பேரூராட்சியில் குடியிருக்கிறோம். எங்கள் லேஅவுட் 2003-இல் அங்கீகாரம் பெற்றது. மொத்தம் 4 ஏக்கர் 10 சென்ட், 46 மனைகள். வரைபடத்தில் 32 சென்ட் பூங்கா என்று காட்டியிருக்கிறது. லேஅவுட் போட்டவர் இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் போன வருடம் அதில் 12 சென்டை ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர் வீடு கட்ட வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிவிட்டார். பேரூராட்சியில் கேட்டால், தானப் பத்திரம் கோப்பில் இல்லை என்கிறார்கள். மீதி 20 சென்டில் குப்பை பிரிக்கும் ‘வளம் மீட்புப் பூங்கா’ ஷெட் போடப் போவதாகவும் சொல்கிறார்கள். நடைபாதையும், சாயங்காலம் பிள்ளைகளுக்கு வாலிபால் பயிற்சியும் வேண்டும் என்பதே எங்கள் ஆசை. பின்பக்கம் சானல் கரை வழியாகப் பள்ளிக்கூடம் வரை ஒரு நடைவழியும் கேட்கிறோம். சட்டம் எங்களுக்குத் துணை நிற்குமா?

பதில்: நிற்கும். ஆனால் வரைபடத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மனு மேல் மனு போட்டால் நாள்தான் போகும். பூங்கா நிலத்தைக் காப்பவை மூன்று காகிதங்கள்: அங்கீகரித்த வரைபடம், உள்ளாட்சி பெயருக்கு எழுதிய தானப் பத்திரம், உள்ளாட்சி பெயரில் பட்டா. உங்களிடம் முதலாவது இருக்கிறது. மற்ற இரண்டில் எது இல்லை என்று தெரிந்துகொண்டால்தான் எந்த வழியில் போவது என்று முடிவு செய்ய முடியும்.

‘கோப்பில் இல்லை’ என்பதற்கு ‘எழுதவே இல்லை’ என்று பொருளில்லை. லேஅவுட்டுக்கு முதலில் நகர் ஊரமைப்புத் துறை தொழில்நுட்ப ஒப்புதல் தரும். சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிய பிறகே உள்ளாட்சி இறுதி ஒப்புதல் தருவது வழக்கம். ஆகவே அந்த இறுதி ஆணையிலேயே தானப் பத்திர எண்ணும் தேதியும் இருக்க வாய்ப்பு அதிகம். பேரூராட்சிக் கோப்பு காணாமல் போயிருந்தாலும் நாகர்கோவிலில் உள்ள நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் அதன் நகல் கிடைக்கலாம். பத்திரம் பதிவானது என்றால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டில் கட்டாயம் இருக்கும்.

வில்லங்கச் சான்று எடுக்கும்போது நம் மாவட்டத்துக்காரர்கள் பலர் தவறுவது ஒரே இடத்தில்தான். இங்கே பழைய சர்வே எண் ஒன்று, பின்னால் மறுபடி அளந்து கொடுத்த ரீசர்வே எண் இன்னொன்று. ஒரு எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று வந்துவிடுகிறார்கள். தானம் பழைய எண்ணிலும் பிள்ளைகள் செய்த கிரயம் புது எண்ணிலும் பதிவாகியிருக்கலாம். அதனால் இரண்டு எண்களுக்கும், எல்லா உட்பிரிவுகளுக்கும், 2002 முதல் இன்றுவரை எடுங்கள். மனை எண்ணை வைத்துத் தேடாதீர்கள், மனையாகப் பிரிக்கும் முன் மொத்த நிலத்துக்கும் இருந்த தாய் சர்வே எண்ணை வைத்துத் தேடுங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதோடு, எழுதி வாங்கியவர் பெயர் ‘செயல் அலுவலர், பேரூராட்சி’ என்று வரும் பத்திரம் உண்டா என்று பெயர் அட்டவணையிலும் தேடச் சொல்லுங்கள். சில பத்திரங்களில் தானம் என்பதற்குப் பதில் ‘இஷ்டதானம்’ என்றிருக்கும். 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் கால மூல ஆதாரம் மலையாளத்தில் இருந்தால், இப்போதே மொழிபெயர்த்து வையுங்கள். வழக்குப் போட்ட பிறகு அதற்காக ஒரு வாய்தா வாங்க வேண்டாம்.

அதே நாளில் தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனுக்கள் போடுங்கள். ஒன்று பேரூராட்சிக்கு, இன்னொன்று நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு. ஒவ்வொன்றிலும் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ‘பூங்கா பற்றிய விவரம் தருக’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். தொழில்நுட்ப ஒப்புதல் ஆணை, இறுதி ஒப்புதல் ஆணை, கையெழுத்தும் முத்திரையும் உள்ள வரைபடம், தானப் பத்திர நகல், பேரூராட்சியின் சொத்துப் பதிவேட்டில் இந்த இடம் ஏறிய பக்கம், 12 சென்டில் கட்டட அனுமதி கேட்டு வந்த விண்ணப்பம், குப்பை ஷெட் குறித்த மன்றத் தீர்மானம் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரித்த பட்டியல் உங்கள் பேரூராட்சியில் உண்டா, அதில் இந்த இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இனி, காகிதம் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு நிலைமைகள்.

தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் 2003-லேயே நிலம் பேரூராட்சிக்குப் போய்விட்டது. தகப்பனாருக்கே இல்லாத உரிமை பிள்ளைகளுக்கு வாரிசாக வராது, அவர்கள் விற்றதால் வாங்கியவருக்கும் எதுவும் சேராது. பட்டா பழைய பெயரிலேயே கிடந்ததால்தான் இந்த விற்பனை நடந்திருக்கும். பட்டா வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே, அது உரிமை ஆவணம் ஆகாது. தானப் பத்திரத்தை வைத்துப் பேரூராட்சியே வட்டாட்சியரிடம் பட்டா மாற்றம் கேட்க வேண்டும். மாவட்டம் முழுக்க லேஅவுட் பூங்காக்கள் பறிபோக முக்கியக் காரணம் இந்த ஒரு விண்ணப்பம் போடப்படாததுதான்.

தானம் எழுதாமலே விட்டிருந்தால் சற்றுச் சிக்கல், ஆனாலும் கதவு அடைபடவில்லை. பண்டிட் சேத்ராம் வசிஷ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே பொருந்தும்: லேஅவுட்டில் பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய இடம் பெயரளவில் உரிமையாளரிடம் இருந்தாலும், அவர் அதைப் பொதுமக்கள் நன்மைக்கான அறங்காவலராகவே வைத்திருக்கிறார். அதைக் கூறுபோட்டு விற்க அவருக்கு அதிகாரம் இல்லை. உங்கள் 46 பேரின் கிரயப் பத்திரங்களில் அங்கீகார எண்ணும் லேஅவுட் வரைபடமும் குறிப்பிட்டிருந்தால் அது பெரிய பலம். நீங்கள் கொடுத்த மனை விலையில் அந்தப் பூங்காவின் மதிப்பும் அடக்கம். 12 சென்ட் வாங்கியவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்ப முடியாது. அங்கீகார வரைபடத்தைப் பார்ப்பது நிலம் வாங்குபவர் செய்ய வேண்டிய சாதாரண விசாரணை.

உங்கள் 32 சென்ட் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், வாதத்தில் உதவும். 410 சென்டில் சாலைகளுக்குப் போனது 90 என்றால் மீதி 320, அதில் 10 சதவீதம் 32. இன்றைய 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இதே கணக்கைத்தான் சொல்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 2 ஏக்கர் 47 சென்டுக்கு, மேற்பட்ட லேஅவுட்டில் சாலை போக 10 சதவீத நிலத்தை உள்ளாட்சிக்கு எழுதித் தந்தே தீர வேண்டும், பணம் கட்டித் தப்ப வழியில்லை. உங்கள் லேஅவுட் சுமார் 16,590 சதுர மீட்டர். 2003 அங்கீகாரத்துக்கு அன்றைய நிபந்தனையே பொருந்தும் என்றாலும், ‘இது வெறும் சம்பிரதாயம்’ என்று எதிர்த்தரப்பு சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம். சென்னை தொடர்பான ஒரு வழக்கில், இப்படி இழப்பீடின்றி 10 சதவீதம் வாங்குவது செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது.

வானம் தோண்டியாயிற்று என்பதால் இந்த வாரமே செய்ய வேண்டியது: செயல் அலுவலருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும், மாவட்ட ஆட்சியருக்கு நகலோடு, பதிவுத் தபாலில் மனு. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 57-ஆவது பிரிவில் வேலையை நிறுத்தவும், 56-ஆவது பிரிவில் கட்டியதை அகற்றவும் கேளுங்கள். வரைபட நகலையும் தேதி தெரியும் புகைப்படங்களையும் இணையுங்கள். ‘தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று முடிக்கும் மனுவுக்கு ‘தக்க நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றுதான் பதில் வரும்.

அசைவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு, அதாவது அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு. அங்கே ‘மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுக’ என்று மட்டும் கேட்டால் அத்தோடு வழக்கு முடிந்துவிடும், சுவர் எழும்பிவிடும். பரிசீலனையோடு, இடத்தை அளந்து காட்டவும், அதுவரை கட்டுமானத்தை நிறுத்தவும் சேர்த்துக் கேளுங்கள். 12 சென்ட் வாங்கியவரையும் விற்றவர்களையும் எதிர்மனுதாரர்களாகக் கட்டாயம் சேருங்கள். அவர்களைக் கேளாமல் வாங்கிய உத்தரவு நிலைக்காது. தானப் பத்திரம் கிடைக்காமல் உரிமையே பிரச்சினையானால் ரிட்டை விட பத்மநாபபுரம் உரிமையியல் நீதிமன்றமே பொருத்தம். குடியிருப்போர் அனைவருக்காகவும் சிலர் வழக்காட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 1-ஆவது கட்டளை, 8-ஆவது விதி இடம் தருகிறது. அரசும் வழக்கில் ஒரு தரப்பு என்றால் 80-ஆவது பிரிவில் இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும். அவசரமானால் 80(2)-இல் அனுமதி பெற்று உடனே தாக்கல் செய்து இடைக்காலத் தடை கேட்கலாம். செலவுக்கு யோசிக்க வேண்டாம். பெண்கள் யாராக இருந்தாலும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு, நாகர்கோவில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

தாமதம் மட்டும் கூடாது. உள்ளாட்சி தன் தெருவை மீட்க 30 ஆண்டு அவகாசம் தரும் காலவரையறைச் சட்டம், பூங்காவைத் தெருவோடு சேர்த்துச் சொல்லவில்லை. பூங்காவுக்கு 12 ஆண்டுதான் என்று எதிர்த்தரப்பு வாதிடும். காலி இடத்தைக் காலியாகவே விட்டு வைப்பது அந்த வாதத்துக்குத் தீனி போடுவது.

குப்பை ஷெட் விஷயம். பெயரில் பூங்கா இருந்தாலும் வளம் மீட்புப் பூங்கா திடக்கழிவு நிலையம்தான். அது ஊருக்குத் தேவை, மறுக்கவில்லை, ஆனால் இந்த இடத்தில் வரக்கூடாது. பூங்காவுக்கு விட்ட நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நல்ல காரியமே ஆனாலும் பூங்கா பூங்காவாகவே இருக்க வேண்டும் என்பதோடு, அக்கம்பக்கம் குடியிருப்பவர்களுக்கே வழக்குப் போட உரிமை உண்டு என்றும் சொன்னது. மன்றத் தீர்மானம் வந்துவிட்டால் அதையும் ரிட்டில் எதிர்த்துச் சேருங்கள். வேறு புறம்போக்கு ஒன்றை அளந்து காட்டி மாற்று இடம் கொடுத்தால் மன்ற உறுப்பினர்களே உங்கள் பக்கம் வருவார்கள்.

பூங்காவாக்கும் வேலையை வழக்கு முடியும்வரை தள்ளிப்போட வேண்டாம். குறைந்தது 7 பேர் சேர்ந்து 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் குடியிருப்போர் நலச் சங்கம் பதியுங்கள். தகராறில்லாத 20 சென்டில் வேலியும் பெயர்ப்பலகையும் முதல் வேலை. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தருகிறது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் நிதியையும் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் முதலில் பார்ப்பது நிலம் யார் பெயரில் என்பதையே, அதனால் பட்டா மாற்றம் முந்த வேண்டும். 20 சென்ட் என்பது சுமார் 809 சதுர மீட்டர். 18-க்கு 9 மீட்டர் வாலிபால் களமும் அதைச் சுற்றி 3 மீட்டர் காலியிடமும் சேர்த்து 360 சதுர மீட்டர் போனாலும், இடத்தின் வடிவம் இடம் கொடுத்தால் ஓரமாக நடைபாதைக்கு மிச்சம் இருக்கும். பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதோ, சங்க உறுப்பினர் அல்லாதவரைத் தடுப்பதோ வேண்டாம். பொது இடம் என்ற உங்கள் வாதத்தையே அது உடைத்துவிடும். நேரம், விளக்கு, பராமரிப்பு பற்றிச் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சானல் கரை பேரூராட்சியுடையது அல்ல, நீர்வளத் துறையுடையது. அதற்குத் தனியாகத் தடையின்மைச் சான்று வேண்டும். கரையைக் குறுக்கும் கான்கிரீட் சுவரோ நிரந்தரக் கட்டுமானமோ கேட்டால் மறுப்பார்கள், மறுப்பது சரியும்கூட: தூர்வார இயந்திரம் இறங்க அந்த வழி வேண்டும். மண்ணை இறுக்கிச் சரளை போட்ட பாதை, நீர்ப்பக்கம் கழற்றி மாட்டக்கூடிய கைப்பிடிக் கம்பி என்று கேளுங்கள். மழை இங்கே வருடத்துக்கு இரண்டு முறை கொட்டுவதால், பாதையின் சரிவு சானலைப் பார்த்து இல்லாமல் வெளிப்பக்கம் வடிகாலை நோக்கி இருக்கும்படி வரைபடத்திலேயே காட்டுங்கள். விண்ணப்பத்தைப் பேரூராட்சி வழியாக, மன்றத் தீர்மானத்தோடு அனுப்புவது நல்லது, ஏனென்றால் பாதையைப் பராமரிக்கும் பொறுப்பை யார் ஏற்கிறார்கள் என்பதுதான் அந்தத் துறை கேட்கும் முதல் கேள்வி.