கொட்டுகிற முடியும் முளைக்காத இடமும்

கேள்வி: டாக்டர், எனக்கு 31 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு எஸ்எல்இ லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) என்று கண்டுபிடித்தார்கள். ஐந்து மாதத்துக்கு முன்பு காய்ச்சலும் மூட்டு வலியும் அதிகமாகி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது இரண்டரை மாதமாகத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. காலையில் தலையணையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. நெற்றி ஓரத்து முடி குட்டை குட்டையாக உடைந்து, எப்படி வாரினாலும் படியாமல் நிற்கிறது. கன்னத்தில் வந்த சிவப்பு போய்விட்டது, ஆனால் அந்த இடம் கறுத்துவிட்டது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையால்தான் முடி கொட்டுகிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதால் மூன்று வாரமாக அதை நிறுத்தியிருக்கிறேன். பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் சரியாகுமா? மொட்டை போட்டால் அடர்த்தியாக வளருமா? உச்சியில் ஒரு நாணயம் அளவுக்கு வட்டமாக முடி இல்லை, செதில் உரிகிறது. அது பொடுகு என்று நினைக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நாணய அளவு வட்டம், அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். தலையணையில் கிடக்கும் முடியைப் பார்த்து நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு அந்த வட்டம்தான் கவலை தருகிறது. கொத்தாகக் கொட்டும் முடி பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வட்டத்தில் போன முடி வராமலே போய்விடலாம்.

பொடுகு இப்படி வட்டம் போட்டு ஓரிடத்து முடியை மட்டும் எடுத்துக்கொண்டு போகாது. புழுவெட்டு என்றால் தோல் வழுவழுவென்று இருக்கும், செதில் இருக்காது. படர்தாமரை தலையில் வந்தால் செதிலும் வரும், முடியும் உதிரும். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அந்தச் சந்தேகத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால் லூபஸ் உள்ளவர் தலையில் செதிலோடு வட்டமாக முடி போயிருக்கிறது என்றால் தோல் டாக்டருக்கு முதலில் தோன்றுவது டிஸ்காய்டு லூபஸ், அதாவது தோலில் வட்ட வட்டமாக வரும் லூபஸ் வகை. இதில் வீக்கம் முடியின் வேர்ப்பை வரை இறங்கி அதை அழித்துவிடும். அழிந்த இடத்தில் தழும்பு விழும். தழும்பில் முடி முளைக்காது.

பகல் வெளிச்சத்தில் முடியை விலக்கி, யாரையாவது போனில் கிட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள். வட்டத்தின் ஓரம் கருத்தும் நடுப்பகுதி வெளுத்தும் இருக்கிறதா? தோலில் ஊசியால் குத்தியதுபோல் சின்னத் துளைகள் தெரிகின்றனவா, அவற்றில் அடைப்புபோல் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா? அல்லது துளையே இல்லாமல் பளபளவென்று இருக்கிறதா? துளை தெரிகிற வரைக்கும் நம்பிக்கை உண்டு. அப்படியே காதுமடலின் உட்குழியையும் பார்க்கச் சொல்லுங்கள், டிஸ்காய்டு லூபஸ் ஒளிந்துகொள்ளப் பிடித்த இடம் அது. செதிலை நீங்களே பிய்க்க வேண்டாம். டாக்டர் எடுத்துப் பார்த்தால் அதன் அடிப்பக்கத்தில் குட்டிக் குட்டி ஆணிகள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். முடித்துளைக்குள் இறங்கியிருந்த பகுதி அது. முதல் தடவை பார்க்கும் மாணவர்கள் யாரும் அதை மறப்பதில்லை.

படத்தை வைத்து நானும் முடிவு சொல்லிவிட முடியாது, நீங்களும் முடிவு செய்துவிடக் கூடாது. வேண்டியது தோல் டாக்டர், தேவைப்பட்டால் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் முனை அகலத்துக்குத் தோல் எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல், அவ்வளவுதான். டிஸ்காய்டு என்று உறுதியானால் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு தருவார்கள், அல்லது அந்த இடத்திலேயே சில வாரங்களுக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், கூடவே மாத்திரை. இந்தச் சிகிச்சையின் முதல் நோக்கம் வட்டம் பெரிதாகாமல் நிறுத்துவது. வேர்ப்பைகள் மிச்சமிருந்தால் கொஞ்சம் முடி திரும்பும். அதனால் இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.

அடுத்து, நிறுத்திய மாத்திரை. லூபஸுக்குத் தருகிற மருந்துகளில் முடியைக் கொட்டவைப்பவை இருக்கின்றன. சைக்ளோபாஸ்பமைடு அதில் முக்கியமானது, மெத்தோட்ரெக்சேட்டும் சிலருக்கு அப்படிச் செய்யும். ஆனால் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் லூபஸ் தோலுக்கும் முடிக்கும் நாங்கள் முதலில் நாடுகிற மருந்து. மலேரியா மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்து மெபாக்ரின் லூபஸ் தோலை ஆற்றுகிறது என்று பேஜ் என்ற டாக்டர் 1951-இல் லான்செட் இதழில் எழுதினார். அதன் பிறகுதான் இந்த மருந்துகள் லூபஸ் சிகிச்சையில் பரவலாக இடம் பிடித்தன. உங்களுக்கு யோசனை சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் திருடனை விட்டுவிட்டுக் காவல்காரனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

இது மெதுவான மருந்து. வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும், உடம்பைவிட்டு முழுதாக வெளியேறவும் மாதக்கணக்கில் ஆகும். நிறுத்தி மூன்று வாரமாகியும் ஒன்றும் ஆகவில்லையே என்று நீங்கள் நினைத்தால், இன்னும் மிச்சமிருப்பது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். லூபஸுக்கு உங்களைப் பார்க்கும் ருமட்டாலஜி (மூட்டு நோய்) டாக்டருக்கு நாளையே போன் செய்து உண்மையைச் சொல்லி, திரும்ப ஆரம்பிப்பது பற்றிக் கேளுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள். மறைத்தால் ‘இந்த மருந்து போதவில்லை’ என்று நினைத்து இன்னும் கனமான மருந்துக்குப் போய்விடுவார். சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தொடும்போது ஆரம்பத்தில் வலி இருக்காது. சிறுநீர் நுரைத்துப் போனாலோ, கால் வீங்கினாலோ அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். கூடவே ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. சாப்பிட்டால், அதை ஒருநாளும் திடீரென்று நிறுத்தாதீர்கள், அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயினில் உண்மையாகக் கவனிக்க வேண்டியது கண். நாள் அளவு பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். ஆரம்பத்தில் ஒரு கண் பரிசோதனை, 5 வருடத்துக்குப் பிறகு வருடா வருடம். நீங்கள் புகைக்கிறவரா என்று தெரியாது, ஆனால் இதைப் படிக்கும் யாரோ ஒருவருக்காகச் சொல்கிறேன்: சிகரெட் தோல் லூபஸை மோசமாக்கும், இந்த மருந்தின் பலனையும் குறைக்கும்.

இனி தலையணைக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் இருந்தது ஐந்து மாதத்துக்கு முன்பு, கொட்ட ஆரம்பித்தது இரண்டரை மாதத்துக்கு முன்பு. நடுவில் இரண்டரை மாதம். இந்தக் கணக்கைக் கேட்டால் விரல்விட்டு எண்ணிப் பார்த்து ‘ஆமாம் டாக்டர்’ என்று ஆச்சரியப்படாதவர்கள் குறைவு. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கும். பத்தில் ஒன்பது வளர்ந்துகொண்டிருக்கும், மிச்சம் ஓய்வில் இருக்கும். பெரிய காய்ச்சலோ நோயோ வந்தால் உடம்பு செலவைக் குறைக்கிற மாதிரி நிறைய முடிகளை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். அவை உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு, கீழே புதுமுடி முளைக்கும்போது மொத்தமாக விழும். இன்று உங்கள் தலையணையில் கிடப்பது அந்தக் காய்ச்சலுக்கான பில். வேர் உயிரோடுதான் இருக்கிறது. நோய் அடங்கியிருந்தால் சில மாதங்களில் கொட்டுவது தானாகக் குறையும்.

நெற்றி ஓரத்தில் உடைந்து நிற்கும் குட்டை முடி வேறு கதை. அதை டாக்டர்கள் ‘லூபஸ் முடி’ என்றே சொல்வார்கள். நோய் சுறுசுறுப்பாக இருப்பதன் அடையாளம் அது, அடங்கினால் சரியாகும். இதுவும் நீங்கள் மாத்திரையை நிறுத்தியிருக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம். அதுவரை இறுக்கிப் பின்னுவது, சூடாக்கி நேராக்குவது இரண்டையும் விடுங்கள்.

எல்லாப் பழியையும் லூபஸ்மேல் போடவும் கூடாது. இரும்புச்சத்து குறைந்தாலும், தைராய்டு கெட்டாலும் முடி கொட்டும். லூபஸ் உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டைக் காட்டும் டிஎஸ்எச், இந்த இரண்டு ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள்.

பயோட்டின் குறைபாடு அபூர்வம். குறையாதவருக்குக் கொடுத்து முடி வளர்ந்ததற்கு நல்ல ஆதாரம் கிடையாது. போகட்டும், கெடுதல் இல்லையே என்று விட்டுவிடலாம் என்றால், அதுவும் முடியாது. அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தப்பாகக் காட்டும். பரிசோதனைக்காக அடிக்கடி ரத்தம் கொடுக்கிற உங்களுக்கு அது வேண்டாத வம்பு. முடிக்கென்று விற்கும் கலவை மாத்திரைகளில் அல்ஃபால்ஃபா என்ற செடி இருந்தால் தொடவே தொடாதீர்கள், அது லூபஸைக் கிளறிவிடக்கூடியது. ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று விளம்பரம் செய்பவையும் வேண்டாம். எதிர்ப்புச் சக்தி உங்களையே தாக்குவதுதானே உங்கள் நோய்!

கன்னத்துக் கருமை, ஆறிய வீக்கம் விட்டுப்போன நிறம். மாநிற, கருநிறத் தோலில் லூபஸ் படை பல நேரம் சிவப்பாகவே தெரியாது; ஊதா, பழுப்பு, கருமை என்றுதான் தெரியும். மறைய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வெயில் பட்டால் திரும்பக் கறுக்கும். வெயில் பட்ட அன்றே படை வர வேண்டும் என்பதில்லை, ஒரு வாரம் கழித்தும் வரும். அதனால்தான் பலர் வெயிலைச் சந்தேகிப்பதே இல்லை. ஜன்னல் கண்ணாடியும் முழுப் பாதுகாப்பு இல்லை, புற ஊதா ஏ கதிர் அதைத் தாண்டி வரும். எஸ்பிஎஃப் 50, ஏ, பி இரண்டு கதிரையும் தடுக்கும் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கினால் எவ்வளவு வருமோ, அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பெரும்பாலானவர்கள் பட்டாணி அளவு தடவிவிட்டு ‘சன்ஸ்கிரீன் வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நிறம் கலந்த சன்ஸ்கிரீன் கருமைக்கு இன்னும் நல்லது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும். முகத்தை வெளுக்கவைக்கும் க்ரீம் எதையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். சிலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும், மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரிய ஆரம்பிக்கும்.

முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, கடையில் யாராவது நீட்டுவார்கள். இப்போது வேண்டாம். வட்டம் என்னவென்று தெரிந்த பிறகு டாக்டர் சொன்னால் பார்க்கலாம்.

மொட்டை? வேண்டாம். கத்தி தோலுக்கு மேலே இருப்பதைத்தான் வெட்டும், வேருக்கு அந்தச் சங்கதியே தெரியாது. புதுமுடியின் வெட்டுமுனை தடிப்பாக இருப்பதால் அடர்த்தியாகத் தோன்றும், எண்ணிக்கை கூடாது. உங்கள் விஷயத்தில் நஷ்டம் வேறு: மொட்டைத் தலையில் நேராக வெயில் இறங்கும், அதுவும் அந்த வட்டத்தின் மேல். தோள் வரை குட்டையாக வெட்டிக்கொள்வது வேறு, அதில் தப்பில்லை. குட்டை முடி கொஞ்சம் அடர்த்தியாகவும் தெரியும், தலையணையில் விழுவதும் அவ்வளவு பயமுறுத்தாது. வெளியே போகும்போது தலையை மூடும் துணியோ தொப்பியோ போட்டுக்கொள்ளுங்கள். விக் வைக்க ஆசைப்பட்டால் வையுங்கள், உச்சியில் உரசாத அளவுக்குத் தளர்வாக இருந்தால் போதும்.

முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். தினமும் கண்ணாடியில் தேடினால் ஒன்றும் தெரியாது. மாதம் ஒருமுறை அதே ஜன்னல் ஓரத்தில், அதே வகிடு எடுத்து, ஒரு படம். வட்டத்துக்குத் தனியாக ஒரு படம், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து. முதல் படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், தோல் டாக்டரிடம் போகும்போது அது கையில் இருக்கட்டும்.