காக்காவைத் 'தாத்தா' என்கிறான்!

கேள்வி: என் மகனுக்கு 4 வயது 3 மாதம். எல்.கே.ஜி. படிக்கிறான். வாய் ஓயாமல் பேசுகிறான், ஆனால் 'க' வரவில்லை. காக்காவைத் 'தாத்தா' என்கிறான், அக்காவை 'அத்தா' என்கிறான். 'ர', 'ழ' இரண்டுமே 'ல'தான். நாக்குத் தடிப்புக்கு வசம்பு தேய்க்கச் சொல்கிறார் மாமியார். நாக்கு அடியில் ஒட்டியிருக்கும், வெட்டிவிட்டால் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. டீச்சரோ வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மூவர் சொல்வதையும் கேட்க வேண்டாம், சகோதரி. முதலில் பிள்ளையின் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.

பேச்சுக்கு எதற்குக் காது என்று நினைக்காதீர்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குவது உண்டு. வலி தெரியாமலே இருக்கலாம், கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பான். ஆனால் ஒலிகள் மங்கலாகத்தான் போய்ச் சேரும். டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறானா, வாயைத் திறந்தபடி தூங்குகிறானா என்று கவனித்து இ.என்.டி. டாக்டரிடம் சொல்லுங்கள்.

'க'வைத் 'த' ஆக்குவது மழலையில் சகஜம். உதட்டிலும் பல்லருகிலும் பிறக்கும் ப, ம, த எல்லாம் சீக்கிரம் வந்துவிடும். 'க'வுக்கு நாக்கின் பின்பகுதி எழுந்து மேலண்ணத்தின் பின்புறத்தைத் தொட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது மூன்றரை வயதை ஒட்டிச் சரியாகிவிடுகிறது. உங்கள் பையன் 4 தாண்டிவிட்டான். 'தானா வரும்' என்று இனியும் காத்திருக்க வேண்டாம். 4 வயதில் பிள்ளையின் பேச்சு வெளியாருக்கும் ஏறக்குறைய முழுதாகப் புரிய வேண்டும். உங்களுக்குப் புரிவது கணக்கில் சேராது, அம்மாவுக்கு எல்லாமே புரியும்! மளிகைக் கடைக்காரருக்குப் புரிகிறதா என்று பாருங்கள்.

நீங்களே ஒருமுறை 'க' சொல்லிப் பாருங்கள். நுனிநாக்குக்கு அதில் வேலையே இல்லை. வேலை இருப்பது 'த'விலும் 'ல'விலும். அவை இரண்டும் அவனுக்கு நன்றாக வருகின்றன. பிறகு எதை வெட்டுவது? வசம்பு நாக்கைப் பழக்காது, வாந்தியைத்தான் கொண்டுவரும். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதாலும் உச்சரிப்பு கெடாது. ஆங்கிலம் மட்டும் பேசினால் 'கப்'பைத் 'தப்' என்பான், அவ்வளவுதான்.

விருந்தாளி வந்தால் 'காக்கா சொல்லு' என்று கேட்டுச் சிரிப்பதை இன்றே நிறுத்துங்கள். அவன் 'தாத்தா பறக்குது' என்றால், 'ஆமா, காக்கா பறக்குது, பெரிய காக்கா' என்று சரியாகச் சொல்லிக் காட்டினால் போதும். திருப்பிச் சொல்ல வற்புறுத்த வேண்டாம்.

தமிழில் இதற்குத் தோதான சொல் ஜோடிகள் நிறைய இருக்கின்றன: காக்கா - தாத்தா, கம்பி - தம்பி, கட்டு - தட்டு. காக்கா படம் ஒன்று, தாத்தா படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சில நாள் நீங்கள் சொல்ல, அவன் எடுக்கட்டும். தடுமாறாமல் எடுக்கிறான் என்றால், அவன் காது இரண்டையும் பிரித்துக் கேட்கிறது என்று ஓரளவு தெரியும். பிறகு ஆட்டத்தை மாற்றுங்கள். அவன் சொல்ல, நீங்கள் எடுங்கள். காக்காவை நினைத்துத் 'தாத்தா' என்றால் தாத்தா படத்தையே நீட்டுங்கள். 'இது இல்ல!' என்பான். தான் சொல்வது வேறாகப் போய்ச் சேருகிறது என்று அங்கேதான் அவனுக்கு உறைக்கும். கோபம் வந்தால் அன்றைக்கு மூட்டை கட்டிவிடுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் தாராளம்.

'க' ஒலியையே வாயில் வரவழைப்பது பேச்சுப் பயிற்சியாளரின் வேலை. நுனிநாக்கைக் கீழே அழுத்திப் பிடித்தும், மல்லாக்கப் படுக்க வைத்தும் பழக்குவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இ.என்.டி. பிரிவில் கேளுங்கள். மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் 2013 முதல் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு கவனிக்கும் இடங்கள்) அமைக்கிறார்கள், சிகிச்சை இலவசம். தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'ர'வுக்கு 6 வயது வரைகூடப் பொறுக்கலாம். 'ழ'வைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம். பெரியவர்களே 'வாளப்பளம்' வாங்கும் ஊரில் 4 வயதுப் பிள்ளையை என்ன சொல்வது!

பயிற்சியாளரிடம் போகும்போது, அவன் வீட்டில் பேசுவதை மொபைலில் பதிவு செய்து எடுத்துப் போங்கள். புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள்.