நீலத் தொட்டி இப்போது யார் பொறுப்பு?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தனி வீட்டில் இருக்கிறோம். போன வாரம் எங்கள் தெருவில் குப்பை எடுத்தார்கள், மறுசுழற்சிப் பொருட்களுக்கான நீலத் தொட்டியை மட்டும் விட்டுவிட்டார்கள். மாநகராட்சியின் உதவி எண்ணான 311ஐ அழைத்தால் "அது இனி எங்கள் பொறுப்பில் இல்லை" என்கிறார்கள். சாப்பாடு வாங்கிவரும் கறுப்புப் பெட்டிகளை இப்போது அதில் போடலாம் என்கிறார் மாமி; கூடாது என்கிறார் கணவர். பழைய சட்டிகள், பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் என்ன செய்வது? கணவரின் கடை அட்டைப் பெட்டிகளையும் வீட்டுத் தொட்டியில்தான் போட்டு வருகிறோம். குப்பைக் கட்டணம் ஏதும் குறையுமா?

பதில்: 311இல் உங்களுக்குச் சொன்னது சரி. 2026 ஜனவரி 1 முதல் ரொறன்ரோ வீடுகளின் நீலத் தொட்டிச் சேவை மாநகராட்சியின் கையில் இல்லை. சர்குலர் மெட்டீரியல்ஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதை ஏற்று நடத்துகிறது. தொட்டியை எடுக்காமல் போனாலும், தொட்டி உடைந்தாலும், இதைப் போடலாமா என்ற சந்தேகம் வந்தாலும் அவர்களைத்தான் தொடர்புகொள்ள வேண்டும். குப்பைத் தொட்டி, உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டி, தோட்டக் கழிவு, பழைய கட்டில் மெத்தை ஆகியவை முன்போலவே மாநகராட்சியின் பொறுப்பு, அவற்றுக்கு 311.

முறையிடும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோவில் குப்பை ஒரு வாரம், நீலத் தொட்டி மறுவாரம். பச்சைத் தொட்டி மட்டும் வாராவாரம். போன வாரம் உங்கள் தெருவில் குப்பை எடுத்தார்கள் என்றால், அது உங்கள் நீல வாரமாக இல்லாமல் இருந்திருக்கலாம். வாரம் சரிதான் என்றால் நேரத்தைப் பாருங்கள். நீலத் தொட்டிக்கு வரும் லாரி இப்போது வேறு என்பதால், பச்சைத் தொட்டி காலியாகிவிட்டதை வைத்து நீலத்தை விட்டுவிட்டார்கள் என்று முடிவுசெய்ய முடியாது. காலை 7 மணிக்குள் தொட்டி வெளியே இருக்கட்டும். தொட்டிகளுக்கிடையே அரை மீட்டர் இடைவெளி இருந்தால்தான் லாரியின் இயந்திரக் கை பிடிக்கும். பனிக்காலத்தில் பனிக்குவியலின் மேலோ பின்னாலோ வைத்த தொட்டி அப்படியே நின்றுவிடுவது வழக்கம்.

மாமியும் கணவரும் ஏன் மோதிக்கொள்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். இருவரும் தங்கள் தங்கள் காலத்துக்குச் சரியானதையே சொல்கிறார்கள். 2025 டிசம்பர் 31 வரை கணவர் சரி, அதன் பிறகு மாமி சரி. இதைப் புரிந்துகொள்ளப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும். ஒன்ராறியோ மாகாணத்தின் நீலப் பெட்டித் திட்டம் 1980களின் தொடக்கத்தில் கிச்சனர் நகரில் பிறந்தது. பின்னர் நெடுங்காலம், அதன் செலவில் ஏறக்குறையப் பாதியை நகராட்சிகளும் மீதியைப் பொருட்களைப் பொதிகளில் (பேக்கேஜிங்) அடைத்துச் சந்தைக்கு விடும் நிறுவனங்களும் சுமந்தன. 2016இல் வந்த சட்டமும் 2021இல் வந்த 391/21 எண் ஒழுங்குவிதியும் முழுச் சுமையையும் அந்த நிறுவனங்களின் தலையில் வைத்தன. ரொறன்ரோ 2023 ஜூலை 1 அன்றே, முதல் அணியிலேயே, இந்த முறைக்குள் வந்துவிட்டது. ஆனால் இடைக்காலத்தில் சேவையை நடத்தியது மாநகராட்சியே என்பதால் வீட்டு வாசலில் எவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பற்பசை செய்பவர், தயிர் விற்பவர், கோப்பி விற்பவர் ஆகியோர் தங்கள் பொதிகளைத் திரும்பச் சேகரிக்கப் பணம் கொடுக்கிறார்கள். ஆகவே நீலத் தொட்டியிடம் இனிக் கேட்க வேண்டிய கேள்வி "இது உலோகமா, பிளாஸ்டிக்கா?" என்பதல்ல, "இது எதையாவது பொதிந்து வந்ததா?" என்பது. அச்சிட்ட தாளும், வீட்டில் உணவைச் சுற்ற வாங்கும் அலுமினியத் தாள் போன்றவையும் இதோடு சேரும். இந்த ஒரு கேள்வி உங்கள் குழப்பத்தில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

உங்கள் சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல எவர்சில்வர், உருக்கினால் பணம். ஆனாலும் அது பொதி அல்ல, நீலத் தொட்டியில் இடமில்லை. மாநகராட்சியின் கழிவு ஒப்படைப்பு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். பற்பசைக் குழாய் மறுபக்கம்: மீட்டெடுக்கச் சிரமமான சங்கதி, ஆனால் பொதி. எனவே உள்ளே போகலாம். புத்தகங்களை ஒழுங்குவிதியே வெளிப்படையாக விலக்குகிறது. படிக்கக்கூடிய நிலையில் இருந்தால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருள், கண்ணாடிக் கோப்பை, பீங்கான் தட்டு, உடுப்பு எவையும் கூடாது.

புதிதாகச் சேர்ந்தவற்றில் நம் வீடுகளுக்கு முக்கியமானவை மூன்று. முதலாவது, கோப்பிக் கடையின் காகிதக் குவளை. இத்தனை காலம் ரொறன்ரோவில் அது குப்பைக்குத்தான் போனது. மிச்சத்தைக் கொட்டிவிட்டு, மூடியைக் கழற்றித் தனியே போடுங்கள். இரண்டாவது, பற்பசைக் குழாயும் டியோடரன்ட் குப்பியும். மூன்றாவது, உங்கள் சண்டைக்குக் காரணமான கறுப்புப் பெட்டி. தரம் பிரிக்கும் ஆலைகளில் அகச்சிவப்புக் கதிரை வைத்து இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று இயந்திரம் கண்டுபிடிக்கிறது. கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கரித்தூள் அந்தக் கதிரை விழுங்கிவிடுவதால், இயந்திரத்தின் கண்ணுக்குக் கறுப்புப் பெட்டி ஒரு வெற்றிடம். பழைய தடைக்கு இதுவே காரணம். இப்போது மாகாணம் முழுவதற்கும் ஒரே பட்டியல். அதில் கறுப்பும் உண்டு.

இங்கே என் அபிப்பிராயம் ஒன்று. எடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் மறுபடி பொருளாகிறது என்பதும் ஒன்றல்ல. அடுப்படி அலமாரியில் சம்பல் நிறைந்திருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவை யாரும் குறைசொல்ல வேண்டாம். அந்த உபயோகம் எந்த ஆலையையும்விட மேல். கொத்து ரொட்டியைக் கறுப்புப் பெட்டியிலும் அலுமினியத் தட்டிலும் தரும் கடைகளில் தெரிவு இருந்தால் நான் தட்டையே கேட்பேன். அலுமினியத்துக்குச் சந்தையில் விலை உண்டு.

ஒரே பட்டியல் என்பதில் இன்னொரு வசதி இருக்கிறது. மார்க்கம் நகரில் இருக்கும் தங்கையும் பிரம்டனில் இருக்கும் சித்தப்பாவும் "எங்கள் ஊரில் இதை எடுக்கிறார்கள்" என்று சொன்னால் முன்பு நம்ப முடியாது. இனிப் பொருள் விஷயத்தில் நம்பலாம். எடுக்கும் நாளும் தொட்டியும் மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

தேங்காய்ப்பால் டின், மீன் டின், ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஓர் அலசு அலசினால் போதும். தேய்த்துப் பளபளக்க வைக்கத் தேவையில்லை. ஆனால் குழம்பு தேங்கிய பெட்டி ஒன்று பக்கத்திலிருக்கும் காகிதத்தையெல்லாம் நனைத்துக் கெடுத்துவிடும். எண்ணெய் படிந்த கைதுடைக்கும் தாள் பச்சைத் தொட்டிக்கு. மின்கலங்களையும் எரிவாயுக் குடுவைகளையும் எந்தத் தொட்டியிலும் போடாதீர்கள். நசுங்கும்போது லாரிக்குள் தீப்பிடிக்கலாம். அவற்றையும் ஒப்படைப்பு நிலையத்தில் கொடுக்கலாம்.

கட்டணம்: ரொறன்ரோவில் உங்கள் கழிவுக் கட்டணம் குப்பைத் தொட்டியின் அளவைப் பொறுத்தது, நீலத் தொட்டிக்கென்று தனியாக வாங்கவில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு கைமாறியதால் உங்கள் பில்லில் நீக்குவதற்கென்று தனித் தொகை இல்லை. குவளையும் கறுப்புப் பெட்டியும் நீலத்துக்குப் போய்க் குப்பைத் தொட்டி பாதி காலியாகவே நிற்கிறது என்றால், சிறிய அளவுக்கு மாறலாம்; கட்டணம் குறையும். மாற்றுவதற்குச் செலவு உண்டா என்று 311இல் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடை அட்டைப் பெட்டிகளை வீட்டுத் தொட்டியில் போடுவதை நிறுத்திவிடுங்கள். நிறுவனங்கள் பணம் கொடுப்பது வீட்டிலிருந்து வரும் பொதிகளுக்கு. கடைகளில் இருந்தும் கோயில்களில் இருந்தும் சேகரிக்க ஒழுங்குவிதி அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கணவர் கடையின் குப்பையை எடுக்கும் ஒப்பந்தக்காரரிடம் அட்டைக்குத் தனி விலை கேட்கட்டும். கடை வாடகை இடம் என்றால் அதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கட்டும். சில கட்டட உரிமையாளர்கள் அட்டைத் தொட்டிக்கான செலவை ஏற்கெனவே வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருப்பார்கள்.